வலைப்பூவும் வருவாயும்

கோயம்புத்தூரிலிருந்து வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்தாலும், போடிநாயக்கனூரிலிருந்து மலையேறித் தேவிகுளம் வட்டத்தை அடைந்தாலும், தமிழ்ப் பேச்சு நம்மைப் பின்தொடர்ந்தே வருகிறது. சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் முதலிய ஊர்களிலும், மூணாறு, மறையூர், உடும்பன்சோலை, பீர்மேடு ஆகிய மலைப்பகுதிகளிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் உருவானபோது இப்பகுதிகள் அதன் எல்லைக்குள் அமைந்தன. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், மேற்படிப்பில் ஆங்கிலம் என மும்மொழிச் சூழலில் இங்குள்ள மக்கள் காலம் கழிக்கின்றனர்.

இன்று தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் கைபேசி இல்லாத வீடு அரிது. கேரள அரசு 2002-இல் தொடங்கிய அட்சயா மையங்கள் சிற்றூர்களுக்கும் கணினியைக் கொண்டு சென்றன. 2023 ஜூன் 5-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பெற்ற கே-ஃபோன் என்னும் கண்ணாடியிழை வலையமைப்பு, வறிய குடும்பங்களுக்கு இலவச இணைய வசதி அளிப்பதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. கருவி வந்ததும் அதனுடன் ஒரு வினாவும் வந்துவிட்டது. “இணையத்தில் எழுதிப் பணம் ஈட்டலாம் என்கிறார்களே, அது மெய்யா? மெய்யாயின் அதனை யாரிடம் கற்பது?” என்று இளைஞர் கேட்கின்றனர். மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இதே வினா எழுவதுண்டு. வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொள்வோர் எண்ணற்றவர். அவர்களுள் நல்லவரைக் கண்டறிவதும், கண்டறிந்தவரைப் பிறருக்கு எடுத்துக்காட்டுவதும் எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் வலைப்பூ என்பது யாது எனக் காண்போம். ஒருவர் தாம் அறிந்ததையோ எண்ணியதையோ நாள் குறித்து எழுதி, புதியது மேலேயும் பழையது கீழேயுமாக இணையத்தில் அடுக்கி வைக்கும் ஏடே வலைப்பூ. வலைப்பதிவு என்பதும் இதுவே. இதன் ஆங்கிலப் பெயரை 1997 டிசம்பரில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஜோர்ன் பார்கர் என்னும் அமெரிக்கர். அவர் அச்சொல்லால் குறித்த பொருளை இன்று பலரும் மறந்துவிட்டனர். தாம் இணையத்தில் உலவியபோது கண்ட நல்ல பக்கங்களை நாள்தோறும் குறித்து, படிப்போருக்குக் காட்டும் பட்டியலையே அவர் அவ்வாறு அழைத்தார். ஆகவே நல்லதைத் தேடிக் கண்டு பிறருக்குச் சொல்லுதல் வலைப்பூவின் பிறவிக் குணம் எனலாம்.

1999-இல் பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனம் பிளாக்கர் என்ற இலவசச் சேவையைத் தொடங்கியது. 2003-இல் கூகுள் அதனை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டில் வேர்டுபிரஸ் என்னும் மென்பொருளும் வெளிவந்தது. தமிழ் வலைப்பூக்களும் அவ்வாண்டு முதலே மலரத் தொடங்கின. அக்காலத்தில் தமிழில் தட்டெழுதுவதே பெரும்பாடாக இருந்தது. ஒருவர் எழுதிய எழுத்துரு மற்றவர் கணினியில் இல்லையெனில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒருங்குறி முறை பரவிய பின்னரே அத்தொல்லை நீங்கியது. அந்நாளில் முன்னோடிகள் தாம் கற்ற ஒவ்வொரு நுட்பத்தையும் உடனுக்குடன் எழுதிவைத்துப் பிறருக்கு வழங்கினர். அதற்காக அவர்கள் கட்டணம் வசூலித்ததில்லை.

எழுதியவை பெருகியபோது அவற்றைக் கண்டுபிடிப்பது அடுத்த சிக்கலாயிற்று. அதற்குத் தமிழர் இருவகைத் தீர்வுகளைக் கண்டனர். ஒன்று, திரட்டி. 2004-இல் காசி ஆறுமுகம் அவர்களின் முயற்சியால் தோன்றிய ‘தமிழ்மணம்’, உலகெங்கும் எழுதப்பெற்ற தமிழ்ப் பதிவுகளை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து காட்டியது. மற்றொன்று, மனிதர் செய்யும் பரிந்துரை. ‘வலைச்சரம்’ என்னும் வலைப்பூவில் வாரத்திற்கு ஒரு பதிவர் ஆசிரியப் பொறுப்பேற்று, தமக்குப் பிடித்த பிற வலைப்பூக்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்வார். அடுத்த வாரம் வேறொருவர் அவ்விடத்திற்கு வருவார். பல ஆண்டுகள் நடந்த இம்முறையால், பெயர் தெரியாத சிற்றூர்ப் பதிவர் பலர் வாசகரைப் பெற்றனர்.

வலைப்பூ நடத்துவது எப்படி என்பதையே பொருளாகக் கொண்ட வலைப்பூக்களும் தமிழில் தோன்றின. 2010-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ‘பிளாக்கர் நண்பன்’, ‘வந்தேமாதரம்’ முதலியவை புதியவர்களுக்குப் படிப்படியாகப் பாடம் சொல்லின. ஆங்கிலத்தில் ஆஸ்திரேலியாவின் டேரன் ரௌஸ் 2004-இல் தொடங்கிய ‘புரோபிளாக்கர்’ இத்துறையில் பெயர் பெற்றது. அதே ஆண்டில் ஆக்ராவைச் சேர்ந்த அமித் அகர்வால் தொடங்கிய ‘டிஜிட்டல் இன்ஸ்பிரேஷன்’, தொழில்நுட்பக் குறிப்புகளை எழுதியே இந்தியாவில் ஒருவர் வாழ்க்கை நடத்த இயலும் என்பதை மெய்ப்பித்தது. பெருநகர் ஒன்றில் இருந்தால்தான் இது கைகூடும் என்னும் எண்ணத்தை அது மாற்றியது.

பின்னர் நிலைமை மாறிற்று. பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடர் என்னும் சேவை 2013 ஜூலை 1-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. எழுதுவோரில் பலர் முகநூலுக்குச் சென்றனர். திரட்டிகளின் செல்வாக்கு குன்றியது. இப்போது ஒருவர் “இணையத்தில் சம்பாதிப்பது எப்படி” என்று தேடினால், எது பிறர் கண்ணில் படுமாறு செய்யப்பட்டுள்ளதோ அதுவே முன்னால் வந்து நிற்கிறது. கண்ணில் படுவது வேறு, பயன்படுவது வேறு. முன்பு வலைச்சரம் போன்றவை செய்துவந்த பரிந்துரைப் பணி இன்று வாசகர் ஒவ்வொருவரின் கைக்கும் வந்துவிட்டது.

நல்ல வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், வருவாய் எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மூன்று ஊற்றுகளைக் குறிப்பிடலாம். முதலாவது விளம்பரம். கூகுள் 2003-இல் தொடங்கிய ஆட்சென்ஸ் என்னும் ஏற்பாட்டின்படி, நம் பக்கத்தில் விளம்பரம் இடம்பெறுகிறது. விளம்பரதாரர் செலுத்தும் தொகையில் ஏறத்தாழ 68 விழுக்காடு எழுதியவருக்கு வருகிறது. இரண்டாவது தரகு. நாம் பரிந்துரைத்த பொருளை ஒருவர் நம் இணைப்பின் வழியே வாங்கினால், விற்பனையாளர் நமக்கு ஒரு சிறு பங்கு தருவார். மூன்றாவது நம் சொந்தப் பொருள் அல்லது திறமை. தேனோ நறுமணப் பொருளோ விற்பவரும், மொழிபெயர்ப்போ கணக்கெழுதுதலோ அறிந்தவரும் தம் எழுத்தின் மூலம் வாடிக்கையாளரைப் பெறலாம். எழுத்தாற்றலும் பொறுமையும் உடைய சிற்றூர்வாசிக்கு இம்மூன்றனுள் மூன்றாவதே பெரும்பாலும் விரைந்து பலன் தரும்.

விளம்பர வருவாயின் அளவைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஆயிரம் பார்வைகளுக்கு அரை டாலர் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்சென்ஸ் நிறுவனம் 100 டாலர் சேர்ந்த பின்னரே பணம் அனுப்பும். அப்படியாயின் முதல் தொகை கைக்கு வருவதற்கு இரண்டு இலட்சம் பார்வைகள் வேண்டும். புதிதாகத் தொடங்கியவர் அவ்வளவு வாசகரைப் பெற மாதங்கள் பல ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். இக்கணக்கை மறைக்காமல் சொல்பவரே நல்ல ஆசிரியர்.

மற்றொரு நடைமுறைச் செய்தியும் உண்டு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், நம் முகவரியைச் சரிபார்ப்பதற்காக ஓர் எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்புகின்றனர். அதனை நான்கு மாதத்திற்குள் உரிய இடத்தில் பதியாவிடில் விளம்பரங்கள் நின்றுவிடும். தோட்டப் பகுதியில் வாழ்வோர் எஸ்டேட்டின் பெயர், டிவிஷன், லயத்தின் எண், அஞ்சலகத்தின் பெயர், அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய யாவற்றையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இன்றேல் அக்கடிதம் அலுவலகத்துத் தபால் கட்டிலேயே கிடந்துவிடக்கூடும். கணக்கில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்திருப்பதும் அவசியம். இத்தகைய நுண்செய்திகளை எழுதும் வலைப்பூ, இத்துறையில் தானே நடந்து பார்த்தவரின் கையால் எழுதப்பட்டது என அறியலாம்.

இனி, ஒரு வழிகாட்டி வலைப்பூ படிக்கத் தகுந்ததா என்பதை ஆராயும் உரைகல்லைக் காண்போம்.

முதலாவதாக, எழுதியவர் எதனால் சம்பாதிக்கிறார் என்று நோக்க வேண்டும். தோட்டக்கலை பற்றியோ சமையல் பற்றியோ எழுதி வாசகரைப் பெற்ற ஒருவர், தாம் அதனைச் செய்த விதத்தைச் சொன்னால் அதற்கு மதிப்புண்டு. சம்பாதிப்பது எப்படி என்ற வகுப்பை விற்றே சம்பாதிப்பவரிடம் சற்று எச்சரிக்கையுடன் இருத்தல் நலம்.

இரண்டாவதாக, முன்பணம் கேட்கிறாரா என்று காண வேண்டும். பிளாக்கர் சேவை இலவசம். ஆட்சென்ஸில் சேருவதற்கும் கட்டணம் இல்லை. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். “பதிவுக் கட்டணம்” என்று ஒருவர் கேட்பாராயின் அவ்வுரையாடலை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவதாக, எழுதப்பட்ட தேதியைக் காண வேண்டும். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் விளம்பரம் கிடையாது என்று 2015-இல் எழுதப்பட்ட கட்டுரை அன்று சரியே. 2018 பிப்ரவரியில் கூகுள் தமிழையும் ஏற்றுக்கொண்டது. அன்று முதல் அக்கட்டுரை தவறான வழிகாட்டியாகிவிட்டது. இத்துறையில் ஈராண்டுப் பழைமையுள்ள அறிவுரையைக்கூட மறுபடியும் சரிபார்த்தே பின்பற்ற வேண்டும்.

நான்காவதாக, தரகு பெறும் இணைப்புகளை வெளிப்படையாகச் சொல்கிறாரா என்று காண வேண்டும். இணையத்தில் செல்வாக்குடையோர் விளம்பரத்தை விளம்பரம் என்றே குறிக்க வேண்டுமென இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் நெறிமுறை வகுத்தது. இதனைப் பின்பற்றுபவர் வாசகரை மதிப்பவர்.

ஐந்தாவதாக, தோல்வியையும் எழுதுகிறாரா என்று காண வேண்டும். எந்தத் தொழிலிலும் இழப்பும் தாமதமும் உண்டு. வெற்றிப் படங்களை மட்டுமே காட்டுபவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

இவ்வுரைகல் இல்லாமையால் நேரும் தீங்கு சிறிதன்று. கைபேசியில் ஒரு செய்தி வருகிறது. படத்திற்கு விருப்பக்குறி இட்டால் பணம் என்கிறது. இட்டதும் நூறோ இருநூறோ மெய்யாகவே வந்து சேர்கிறது. நம்பிக்கை பிறந்த பின், பெரிய வேலைக்குச் சிறு வைப்புத்தொகை கேட்கின்றனர். அத்தொகை படிப்படியாக வளர்கிறது. திரும்பப் பெற முயன்றால் மேலும் கட்டச் சொல்கின்றனர். இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை இந்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. எனினும் ஒன்று மூடினால் மற்றொன்று முளைக்கிறது. நாட்கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்த்த தொகை, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய தொகை, ஒரே மாலைப் பொழுதில் போய்விடுகிறது.

வேறொரு கண்ணியும் உண்டு. “உன் வங்கிக் கணக்கைச் சில நாள் எங்களுக்குக் கொடு, கமிஷன் தருகிறோம்” என்று இளைஞரை அணுகுகின்றனர். மோசடிப் பணம் அக்கணக்கின் வழியே சென்றால், வழக்கில் சிக்குபவர் கணக்குக்கு உரியவரே. எக்காரணம் கொண்டும் கணக்கையோ, ஏ.டி.எம். அட்டையையோ, சிம் அட்டையையோ பிறரிடம் ஒப்படைக்கலாகாது. பணம் பறிபோயிருப்பின் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால், பணம் கை மாறுவதற்கு முன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. இந்த எண் இந்தியாவின் எந்த மாநிலத்தில் வாழும் தமிழருக்கும் பொருந்தும்.

நல்ல வழிகாட்டிகள் அனைவரும் ஒருமுகமாகக் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: பிறர் எழுத இயலாததை எழுதுக என்பதே அது. இதில் எல்லைப்புறத் தமிழருக்கு அரிய வாய்ப்பு இருக்கிறது. பருவத்திற்கு முந்திச் சந்தைக்கு வரும் முதலமடை மாம்பழத்தைப் பற்றி அத்தோப்பில் வேலை செய்பவரைவிட நன்கு எழுதவல்லார் யார்? மறையூர் வெல்லம் 2019-இலும், காந்தளூர் - வட்டவடைப் பூண்டு 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. போலி வெல்லத்திலிருந்து உண்மையான மறையூர் வெல்லத்தைப் பிரித்தறியும் விதம் குறித்து ஓர் உழவர் எழுதினால், சென்னையிலும் மதுரையிலும் அதனைப் படிக்க ஆளுண்டு. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் ஏலக்காய் விலை போகும் முறையை எளிய தமிழில் விளக்கினால், மலையின் இரு பக்கத்துச் சிறு விவசாயிகளும் பயன்பெறுவர். 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030-இல் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. வழி, தங்குமிடம், வனத்துறை விதிகள் ஆகியவற்றைச் செம்மையாக எழுதிவைப்பவரை அன்று வரும் பயணிகள் தேடிப் படிப்பர்.

பொழுதுபோக்கும் வாணிகமும் தவிர, உரிமை பற்றிய எழுத்தும் வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அது அம்மாநிலத்துத் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. இச்செய்தியை அறியாமல் மலையாள விண்ணப்பத்தை நிரப்பப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பவர் பலர். எந்தச் சான்றிதழுக்கு எந்த அலுவலகம், என்னென்ன ஆவணங்கள், மலையாளப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திற்கும் தமிழில் என்ன பொருள் என்று இருமொழியும் அறிந்த ஒருவர் எழுதிவைத்தால், விளம்பரப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அவ்வெழுத்து பலருக்கு உதவும்.

கண்டறிந்ததைப் பகிர்வதற்கும் முறை உண்டு. நல்ல வலைப்பூவைக் கண்டால், வெறும் இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டு அமையலாகாது. அதன் பெயர், எழுதியவர், படித்த தேதி, அதனால் யாருக்குப் பயன் என ஒரு வரி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புக. கூடுமாயின் அதிலுள்ள ஓர் அறிவுரையையேனும் தாம் செய்து பார்த்துவிட்டு அனுப்புக. கட்டுரை முழுவதையும் நகலெடுத்துத் தம் பெயரில் இடுதல் பதிப்புரிமைக்கு மாறானது. எழுதியவரின் வாசகரையும் அது பறித்துவிடும். சாரத்தைத் தம் சொற்களில் இரண்டு வரி எழுதி, மூலப் பக்கத்திற்கு வழிகாட்டுவதே முறை. ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ கண்ட நல்ல செய்தியாயின் அவ்விரு வரியைத் தமிழில் எழுதுக; அதனை மட்டுமே படிக்கவல்ல தாய் தந்தையருக்கும் அது எட்டும். ஏமாற்று எனக் கண்டதையும் அவ்வாறே காரணத்துடன் தெரிவிக்க வேண்டும்.

ஊர் நூலகத்திலோ, தோட்டத்து வாசகசாலையிலோ, வெளிமாநிலத் தமிழ்ச் சங்கத்திலோ திங்களுக்கு ஒருமுறை பத்துப் பேர் கூடி, அம்மாதம் படித்த வழிகாட்டிகளுள் சிறந்த இரண்டைத் தேர்ந்து அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். வாரம் ஒருவர் ஆசிரியராக இருந்த வலைச்சரத்தின் முறையே இதற்கும் பொருந்தும். இதற்குப் பொருட்செலவு இல்லை. மோசடிச் செய்தியொன்று ஊருக்குள் வரும்போது, அதனை முதலில் அப்பத்துப் பேரிடம் காட்டிக் கேட்கும் வழக்கம் ஏற்படும். தனித்திருப்பவரே எளிதில் ஏமாறுகின்றனர். கேட்பதற்கு ஆள் இருந்தால் பெரும்பாலானோர் தப்பிவிடுவர்.

நேயர்கள் இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்யலாம். தமக்குப் பயன்பட்ட ஒரு நல்ல தமிழ் வலைப்பூவின் பெயரை, காரணத்துடன், வீட்டிலுள்ள இளைஞர் ஒருவருக்கு எழுதித் தருக. அதனுடன் 1930 என்னும் எண்ணையும் குறித்துக் கொடுக்க மறவாதீர்.